முதலில் இறுக்கணும்

என் மதினி "சரி" என்று சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் உஷாராகிவிடுவோம். மற்ற வீடுகளில் "முடியாது" என்கிற சொல்லுக்குத்தான் சண்டை வரும். எங்கள் வீட்டில் மதினி முடியாது என்று சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் சரி என்பார். கேட்டதற்கு மேலேயும் ஒரு படி போவார். கேட்டவன்தான் அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. மதுரையில் திருநகர் தாண்டிக் கப்பலூர் போகிற ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பேருக்கு முதலாளியம்மா என்று நினைத்துவிட வேண்டாம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவர். ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டு, அங்கே இருக்கிற ஆம்பளைகளுக்கு நான் எதில் குறைச்சல் என்று சொந்தமாகக் கடை போட்டவர். அதை வாய்விட்டே சொல்லவும் செய்வார், அடக்கம் எல்லாம் அவரிடம் கிடையாது. பள்ளத்தில் விட்டால் டொக்கு டொக்கென்று சத்தம் வருகிறது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வருகிற கார்களுக்கெல்லாம் அந்த வட்டாரத்தில் அவர்தான் வைத்தியர். காக்கிச் சட்டையும் பேண்டும் போட்டு, தலைமுடியைத் துண்டால் இறுக்கிக் கட்டி, கார் அடியில் நுழைந்தார் என்றால் காரியம் முடியாமல் வெளியே வர மாட்டார்.

நான் கார் ஓட்டுகிறவன். காரும் சொந்தம், வாயும் சொந்தம். அந்த வாயால் சவாரியைப் பாதியில் இழந்ததும் உண்டு. மதினியிடம் மட்டும் என் வாய் செல்லாது. கொழுந்தன் மதினியைக் கேலி பண்ணலாம் என்று ஊரில் ஒரு பாத்தியதை உண்டு. எங்கள் வீட்டில் அது தலைகீழ், அவர்தான் என்னை வைத்து வாங்குவார்.

என் கார் தூத்துக்குடிப் பக்கம் உப்புக் காற்றில் ஓடிய கார். விலை சகாயம் என்று பழையதாக வாங்கிவிட்டேன். மேலே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும், அடியில் பார்த்தால் துரு. வாங்கிய கொஞ்ச நாளிலேயே முன்சக்கரத்தில் டொக்கு டொக்கு ஆரம்பித்துவிட்டது. மதினி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கிற ஆர்ம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். ஆர்மைப் பிடித்திருந்த போல்ட்டில் நட்டு இருந்த இடமே தெரியவில்லை. போல்ட்டும் நட்டும் துருவும் ஒன்றாகி, அடுப்புக்கரி மாதிரி உட்கார்ந்திருந்தது.

இதற்கெல்லாம் எதற்கு மதினி, கொடுங்கள் என்று நான் ஸ்பேனரை வாங்கினேன். அதில் ஒரு நீளப் பைப்பைச் செருகி, காலை ஊன்றி, கழற்றுகிற பக்கம் தொங்கினேன். என் முகம் சிவந்ததுதான் மிச்சம். மதினி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி வேடிக்கை பார்த்தார். வேலை ஆட்களும் வேடிக்கை பார்த்தார்கள். டீ தீர்ந்ததும் எழுந்து வந்து, கொழுந்தனாருக்கு மதியம் சோறு கூட வைக்கச் சொல்ல வேண்டும், இந்தத் தெம்பு பத்தாது என்று சொல்லிவிட்டு என்னை நகரச் சொன்னார்.

கம்பிப் பிரஷ்ஷால் போல்ட்டின் மரை தெரிகிற வரைக்கும் தேய்த்தார். துருவை இளக்குகிற எண்ணெயை அடித்தார். சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினார், கோபமே இல்லாத தட்டு. அப்புறம் அதை விட்டுவிட்டு வேறு காருக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று கொட்டாவி விட்டேன். வெகுநேரம் கழித்து வந்து ஸ்பேனரை மாட்டி, ஒரு திருப்புத் திருப்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழற்றுகிற பக்கம் இல்லை, இறுக்குகிற பக்கம்.

"மதினி, அது இறுக்குற பக்கம்."

"தெரியும் தம்பி. துருப் பிடிச்சது கழட்டுற பக்கந்தான் முரண்டு பண்ணும். இறுக்குற பக்கம் நம்ம வருவோம்னு அது நெனைக்காது."

நட்டுக்குள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே எதிர்ப்பக்கம் திருப்பினார், ஒரு துளி நகர்ந்தது. மறுபடி இறுக்கு, மறுபடி கழற்று. இப்படிப் போகப் போக நட்டு நெய் தடவின மாதிரி கழன்று அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து, இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அளவுதான் முக்கியம் என்றார். மயிரிழை கூடிப்போனால் போல்ட் முறிந்து தலை கையோடு வந்துவிடும், அப்புறம் துளை போட்டு நோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். உங்களுக்கு முறிந்திருக்கிறதா என்று கேட்டேன். மதினி பல்லைக் காட்டினார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, இந்த மனுஷி எங்களையும் இப்படித்தான் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்று.

அண்ணன் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறையாவது அவனுக்கு வெளிநாட்டுக் கிறுக்குப் பிடிக்கும். இந்த வேலையில் மனுஷன் இருப்பானா, நான் சிங்கப்பூர் போகிறேன் என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சத்தம் போடுவான். வேறு பெண்டாட்டியாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை திட்டியிருப்பாள். மதினி ஒரு நாள் சரி என்றார். பரண் மேலே கிடந்த பெட்டியை இறக்கிச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தார். அவன் சட்டைகளைத் தேய்த்து மடித்து அடுக்கினார். புளிக்காய்ச்சல் கிண்டி பாட்டிலில் போட்டு, சிங்கப்பூரில் மூன்று மாசம் தாங்கும் என்றார். எப்ப டிக்கெட் போடுறோம் என்று தினமும் காலையில் கேட்டார். ஒரு வாரத்தில் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அவனே பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டான். புளிக்காய்ச்சலை நாங்கள் இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம்.

கடைக்கு வருகிறவர்களும் தப்பவில்லை. ஒரு ஆபீஸர், தன் கார் அன்றைக்கே முடியவில்லை என்று தாம்தூம் என்று குதித்தார். வேறு கடைக்குக் கொண்டுபோகிறேன் என்றார். மதினி உடனே சரி சார் என்று, ஆட்களைக் கூப்பிட்டுக் காரைத் தள்ளச் சொன்னார். கழற்றிய சாமான்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி அவர் கையிலேயே கொடுத்தார். இன்ன கடை நல்ல கடை, நானே போன் போட்டுச் சொல்கிறேன் என்று போனையும் எடுத்துவிட்டார். ஆபீஸர் சாக்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லும்மா என்றார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் வேறு கடைப் பக்கம் போனதே இல்லை.

எங்களுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமைதான். மதினியிடம் பேசி ஜெயித்தவன் என்று மதுரையில் எவனும் கிடையாது என்று நான் என் சவாரிகளிடம் எல்லாம் அளந்து விடுவேன். ஆனால் சில சமயம் எனக்கு என்னவோ போல இருக்கும். ஒரு தீபாவளிக்கு, உங்களுக்கு என்ன கலர் சேலை வேண்டும் மதினி என்று கேட்டேன். உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள் என்றார். நான் மஞ்சள் என்றேன், சரி என்றார். பச்சை என்றேன், அதுவும் சரி என்றார். எங்கள் எல்லோருக்கும் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவருக்கு என்ன வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

இனி அப்பாவைச் சொல்ல வேண்டும். செக்கானூரணிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடு உண்டு, மானாவாரி நிலம். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு திருநகரில் இருந்தார். ஆனாலும் விடிந்தால் பஸ் ஏறிக் காட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்துவிடுவார். அதிகம் பேச மாட்டார், பேசினால் மாற்ற மாட்டார். மதினி கடை போட்டபோது அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆடி மாசம் ஊரில் ஒரு காதுகுத்து. கறிச்சோற்றுப் பந்தியில் அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் இருந்த பங்காளி ஒருத்தர், எலும்பைக் கடித்தபடியே, உங்க மருமக காருக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடக்குதாமே என்று கேட்டு வைத்தார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது, அப்பா என் தொடையில் கையை வைத்து அமுக்கிவிட்டார். இலையை மடித்தார், கை கழுவினார், பந்தலை விட்டு வெளியே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மதினியைக் கூப்பிட்டு, ஊர்ல ஒரு மாதிரி பேசுறாங்க தாயி, ஆவணி பெறக்கவும் கடையை மூடிரு என்றார். அண்ணன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். நான் மதினியைப் பார்த்தேன். ஸ்பேனரை மாட்டுகிற அதே முகம்.

"ஆவணி எதுக்கு மாமா? இன்னைக்கே மூடிருவோம். இந்தாங்க."

ஷட்டர் சாவியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்பா பதறப்போகிறார், ஏத்தா, எதுக்கு இம்புட்டு அவசரம் என்று சாவியைத் திருப்பி நீட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா சாவியைப் பார்த்தார். "நல்லது தாயி" என்று சொல்லி மடியில் செருகிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

மதினி நீட்டின கையை மடக்கவில்லை. அந்த முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் அப்பாவே மனசு மாறிவிடுவார் என்று நினைத்தோம். மாறவில்லை. கடைக்குள்ளே வில்லாபுரத்து வாத்தியார் ஒருத்தருடைய கார், ஒரு சக்கரம் இல்லாமல், முட்டுக்கொடுத்த இரும்பு ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதிலும் ஒரு நட்டு துருப் பிடித்து, எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. வாத்தியார் போன் செய்தார். மதினி அப்பாவை இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினார். இனிமேல் எல்லாம் மாமாதான் என்று அப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டார். வாத்தியார் மட்டும் இல்லை, கூப்பிட்ட அத்தனை பேருக்கும் அதே நம்பர்தான். கிழவர் இந்தத் தொல்லையில் ரெண்டே நாளில் சாவியை வீசிவிடுவார் என்பது கணக்கு. அப்பாவோ ஒவ்வொரு போனையும் எடுத்து, கடை மூடியாச்சுங்கய்யா, வேற பக்கம் பாத்துக்கங்க என்று பொறுமையாகச் சொன்னார். வரப்பில் உட்கார்ந்தபடியும் சொன்னார், பஸ்ஸில் தொங்கியபடியும் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. வாத்தியாரின் காரை வேறு ஒரு ஒர்க்‌ஷாப்காரர் வெள்ளிக்கிழமை வந்து கட்டி இழுத்துப் போவதற்கு அப்பாவே ஏற்பாடு செய்துவிட்டார். கார் போனதும் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அந்த இடத்தைப் பேட்டரிக் கடைக்குக் கேட்டு ஒருத்தர் ஏற்கெனவே நடையாய் நடந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை போனால் கடை போச்சு.

அண்ணனிடம் சண்டை போட்டேன். பொண்டாட்டி கடை போகுது, நீ வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவளே குடுத்துட்டாளே, நான் என்னத்தச் சொல்ல என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மதினி தினமும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். அப்பாவுக்கு வழக்கம்போல ரெண்டாவது தோசை முறுகலாக வைத்தார். கடை இல்லாதது எம்புட்டு நிம்மதி மாமா என்றுகூட ஒரு நாள் சொன்னார். அப்பாவும் ஆமாம் தாயி என்று தலையாட்டினார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் சவாரி முடிந்து வந்தபோது, தம்பி, கடை வரைக்கும் போயிட்டு வருவோமா என்றார் மதினி. கூட்டிக்கொண்டு போனேன். ஷட்டர் பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கும், அதன் வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். வாத்தியார் கார் இருட்டுக்குள் ஒற்றைச் சக்கரம் இல்லாமல் நின்றது. ஊறுனது போதும், இப்பத் தொட்டா வந்துரும் என்று தனக்குத்தானே சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"மதினி, எனக்குக் கடை வேணும்னு அப்பாகிட்டக் கேட்டா என்ன? வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வராதா?"

அவர் கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"கேட்டு, இல்லன்னு சொல்லிட்டா?"

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவரே பேசினார். சின்ன வயதில் இருந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை, எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டால் அவரவரே இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள், அதனால் யாரும் தனக்கு இல்லை என்று சொல்ல இடமே வரவில்லை என்றார். மாமாவிடம் கேட்டு அவர் முடியாது என்றால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவது என்றார். இம்புட்டுக் கெட்டிக்காரியான என் மதினிக்குள்ளே இப்படி ஒரு பயம் இருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கொட்டாவி விடுகிற மாதிரி மறைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். கையில் சாவி இருந்தது. நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அண்ணன் டூட்டிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். மதினி காபியோடு வந்தார். காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, எனக்குக் கடை வேணும்."

அண்ணன் ஒரு கால் செருப்போடு நின்றுவிட்டான். அப்பா காபியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நீதானத்தா சாவியக் குடுத்த?"

"நீங்க வாங்க மாட்டீங்கன்னு நெனச்சுக் குடுத்தேன். கடை இல்லாதது நிம்மதின்னு சொன்னதும் பொய்யி மாமா. எனக்குத் தூக்கமே இல்ல."

அப்பா சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். ஊர்ப் பேச்சைப் பற்றி ஒரு நீளப் பிரசங்கம் வரப்போகிறது என்று நான் பயந்தேன். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஊர் என்ன ஊர், அவனுக எலும்பைக் கடிக்க வந்தவனுக என்று ஆரம்பித்தார். போன பங்குனியில் ஒரு நாள் மதினி சோற்று வாளியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், அப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"உள்ள வந்தா காருக்கு அடியில ரெண்டு காலு மட்டும் தெரியுது. ஏத்தான்னு கூப்புட்டேன், சத்தம் இல்ல. மறுக்கக் கூப்புட்டேன், அதுக்கும் சத்தம் இல்ல. என்னமோ மிசினு ஓடிக்கிட்டு இருந்துச்சு, உனக்குக் கேக்கல போல. அப்புறம் காலு ஆடுச்சு. வாளிய வச்சுட்டு வந்துட்டேன். அன்னையில இருந்து காட்டுல நின்னாலும் எனக்கு அந்த ரெண்டு காலுதான் ஆத்தா தெரியுது. பயமா இருக்குன்னு மருமககிட்ட எப்புடிச் சொல்றது. அந்தப் பங்காளி பந்தியில பேசவும், சரி இதையே சொல்லி மூட வச்சிருவோம்னு நெனச்சேன்."

மதினி சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தார். நான் காரின் மறுபக்கம் போய், துடைத்த கண்ணாடியையே துடைத்தேன். அப்பா சாவியை நீட்டினார்.

"வச்சுக்க. ஆளுக இருக்காங்கல்ல, அவங்களப் பாக்கச் சொல்லு. நீ மட்டும் அடியில போகாத. அது போதும் எனக்கு."

சரி என்று ஒரு வார்த்தை போதும், சாவி கைக்கு வந்துவிடும். கடைக்குப் போன பிறகு அவர் அடியில் போனால் என்ன, மேலே ஏறினால் என்ன, காட்டில் இருக்கிற அப்பாவுக்குத் தெரியவா போகிறது. வாங்கித் தொலையுங்கள் மதினி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். மதினி கையை நீட்டவில்லை.

"மாட்டேன் மாமா. அடியில போகாம இந்த வேலை இல்ல. வெறும் ஜாக்கிய நம்பி நான் போறதில்ல, ஸ்டாண்டு குடுத்து, வண்டிய ஆட்டிப் பாத்துட்டுத்தான் போவேன். நீங்க வேணும்னா வந்து பாருங்க. ஆனா போவேன்."

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் கேட்ட முதல் மாட்டேன் அது. அப்பா அவரையே பார்த்தார். கோபம்தான் வரப்போகிறது என்று அண்ணன் முன்னால் ஒரு அடி வைத்தான். அப்பா எழுந்து சாவியை மதினியின் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, வண்டிய எடுடா, நானும் வாரேன் என்றார்.

கடைக்குப் போனதும் அப்பா வாத்தியார் காரின் ஸ்டாண்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். காரைத் தன் தோளால் முட்டித் தள்ளினார், அசையவில்லை. மனசே இல்லாமல் நகர்ந்து நின்றார். இழுத்துப்போக வந்த ஒர்க்‌ஷாப்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். கட்டடக்காரருக்கு அப்பாவே போன் போட்டு, கடை இருக்கும்ங்கய்யா, நான் அவசரப்பட்டுட்டேன் என்றார். மதினி காக்கிச் சட்டையை மாட்டி, தலைமுடியைத் துண்டால் கட்டி, காருக்கு அடியில் போனார்.

கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் கேட்டது. அப்புறம் நின்றது. அப்பா ஸ்டூலில் இருந்து எழுந்தார்.

"ஏத்தா."

"இருக்கேன் மாமா."

அப்பா உட்கார்ந்தார். வேலை ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏத்தா என்றார், அடியில் இருந்து மறுபடி இருக்கேன் மாமா என்று வந்தது. மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு காட்டு வேலை இல்லாத நாளெல்லாம் அப்பா கடையில்தான் இருந்தார். பேப்பர் படிப்பார், டீ குடிப்பார், நடுவில் குரல் கொடுப்பார். கையில் என்ன வேலை இருந்தாலும், மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிட்டு, மதினி பதில் சொல்வார்.

இப்போது அண்ணனுக்கு ஓசூரில் வேலை. மதினி அங்கே இதைவிடப் பெரிய கடை போட்டிருக்கிறார். ஆபீஸர்களும் வாத்தியார்களும் அங்கேயும் இருப்பார்கள், அங்கேயும் இறுக்கிக் கழற்றிக்கொண்டுதான் இருப்பார், அந்தக் கவலை எனக்கு இல்லை. அப்பா என்னோடுதான் இருக்கிறார். தினமும் காலையில் காட்டில் இருந்தபடியே மதினிக்குப் போன் போடுவார். மணி அடித்துக்கொண்டே இருக்கும், கார் அடியில் இருந்து வெளியே வர நேரம் ஆகுமே. அப்பா போனைக் காதில் அழுத்தியபடி வரப்பில் நின்றுகொண்டிருப்பார். எடுத்ததும் மதினி ஹலோ என்று சொல்வதில்லை.

"இருக்கேன் மாமா."

சரித்தா என்று சொல்லிவிட்டு அப்பா வைத்துவிடுவார்.